இல்லாத பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க்

ஆபீஸில் அவளை எல்லோரும் ஹெச்.எம். அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவள் தலைமையாசிரியை கிடையாது. ஒரு வகுப்பில் நின்று அரை மணி நேரம் பாடம் எடுத்தவளும் கிடையாது. டயர்க் கடைக்கு மேல் மாடியில், பள்ளிகளுக்கு வருகைப்பதிவு சாப்ட்வேர் செய்து விற்கிற ஒரு சின்னக் கம்பெனி. அங்கே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, இல்லாத பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளையும் வாத்தியார்களையும் பேர் வைத்து உட்கார வைப்பதுதான் அவள் உத்தியோகம். இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். அந்த வேலையில் ஒரு நாள் அவள் பட்ட பாடு எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

விஷயம் இதுதான். வாங்க வருகிறவர்களிடம் வெறும் திரையைக் காட்டி வியாபாரம் பண்ண முடியுமா? ஒரு பள்ளிக்கூடமே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி காட்ட வேண்டும். நிஜப் பள்ளியின் விவரத்தை வெளியாளுக்குக் காட்டக் கூடாது. அதனால் எல்லாமே கற்பனை. ஆரம்பத்தில் புரோகிராம் எழுதுகிற பையன்கள் ‘மாணவன் ஒன்று, மாணவன் இரண்டு’ என்று அடித்து வைத்திருந்தார்கள். ஒரு பள்ளியின் தாளாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “என்னங்க இது, ஸ்கூலா ஜெயிலா?” என்று கேட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை. டைப் அடிக்க மட்டும் சேர்ந்திருந்த இவளைக் கூப்பிட்டார். “ஏம்மா, நீ பிள்ளை பெத்தவ. நாலு நல்ல பேரா போட்டுக் குடு.”

நாலு கேட்டால் நானூறு போட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. பேரை எழுதி வைத்துப் பார்க்க மாட்டாள், வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாள். டீ வருகிற நேரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு! நித்திலா!” என்பாள். டெஸ்டிங் பார்க்கிற பெண் பக்கத்து மேஜையிலிருந்து, “உள்ளேன் டீச்சர்!” என்று மூக்கால் பேசுவாள். “நாவலன்!” என்றால் பதில் வராது. நாவலன் எப்போதும் லேட். இமயன், இமயா என்று ஒரு இரட்டை இருந்தது. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் இன்னொன்றுக்கும் வரும். செங்கதிர்ச்செல்வன் என்று ஒருவன், பேர் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே பிறந்தவன். டிரில் மாஸ்டர் வேங்கையன் பேரில்தான் வேங்கை, நாய்க்குட்டி வந்தாலும் நாற்காலி மேல் ஏறிவிடுவார். வாட்ச்மேன் கடலரசன் மதியமானால் தூங்கிவிடுவார். ஒரு பிள்ளையைப் பெஞ்சில் தனியாக உட்கார வைக்க மட்டும் அவளுக்கு மனசே வராது. பேச்சுத் துணைக்கு ஒரு ஆள், பென்சில் கேட்க ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்டு, எல்லோருக்கும் ஜோடி போட்டு வைப்பாள்.

“எங்க ஸ்கூல்ல இருக்கிற மாதிரியே இருக்கே!” என்று வாங்க வருகிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் என்ன, டைப்பிஸ்ட் அம்மா ஹெச்.எம். அம்மா ஆகிவிட்டாள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் பாடு பாவம்தான். வருகிறவருக்கு எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டுமே. ‘வரவில்லை’ என்று அழுத்திக் காட்ட ஒரு பிள்ளை வராமல் இருக்க வேண்டும். காய்ச்சல், மயக்கம், ஃபெயில், வேனைத் தவறவிட்டது, சண்டை போட்டு வெளியே நின்றது, கெட்டது அத்தனையும் இவர்கள் தலையில்தான் விடியும். ஒரு தடவை ஃபெயிலானவன் பேரும், வாங்க வந்த பெரியவருடைய பேரன் பேரும் ஒன்றாகிப் போய், மனுஷர் வைத்த டீயைக்கூடத் தொடாமல் கிளம்பினார். அதிலிருந்து ஆபீஸில் ஒரு சட்டம். சொந்தப் பிள்ளை பேரையோ, தெரிந்த பிள்ளை பேரையோ அதில் போடக் கூடாது. சட்டம் போட்டவளே ஹெச்.எம். அம்மாதான். “விளையாட்டுக்குக்கூட வேண்டாம்டி. எவனோ ஒருத்தன் எங்கயோ உக்காந்துக்கிட்டு, என் பிள்ளை மயங்கி விழுந்துட்டான்னு பட்டனை அழுத்துறதா? பெத்த வயிறு தாங்குமா?” என்று டெஸ்டிங் பெண்ணிடம் சொன்னவள் அவள்.

சொன்னவளே மீறினாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளுக்கு ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். படம் வரைவாள், பாட்டுப் பாடுவாள், வீட்டுக்கு வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். கணக்கு மட்டும் கிட்டே வராது. அவள் படிக்கிற பள்ளியும் இந்தக் கம்பெனி சாப்ட்வேரைத்தான் வாங்கியிருந்தது. அதனால் மகள் ஃபெயிலானால் ஆசிரியர் சொல்வதற்கு முன்னால் மெசேஜ் வந்துவிடும், அம்மா அடித்துக் கொடுத்த வாசகத்திலேயே. மெசேஜ் போவது அப்பாவின் போனுக்கு. அவன் பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவன். மகள் என்றால் உயிர். பள்ளியிலிருந்து மெசேஜ் வந்தால் மட்டும் பள்ளிக்கூட மணி மாதிரி ‘டாங் டாங்’ என்று அடிக்கும்படி போனில் வைத்திருந்தான். ஸ்டீரிங்கைப் பிடித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான். பெண்டாட்டி கூப்பிட்டாலும் சரி, முதலாளி கூப்பிட்டாலும் சரி. அந்த மணி அடித்தால் மட்டும் ஒரு கண் போனுக்குப் போகும். ஃபெயில் என்று வந்தால் சிரித்துக்கொள்வான். “நானும் கணக்குல முட்டைதான், வண்டி ஓட்டலையா?” என்பான். அவள்தான் உள்ளுக்குள் வெந்துபோவாள்.

ஒரு நாள் முதலாளி வந்து, “பெரிய பள்ளி ஒண்ணு படியுது, ஒன்பது கிளை வச்சிருக்காங்க. ஏழாம் வகுப்புல முதல் வரியில முதல் ரேங்க் பிள்ளை ஒண்ணு வரணும், கண்ணைப் பறிக்கணும்” என்றார். அன்று காலையில்தான் மகளின் கணக்கு மார்க் வந்திருந்தது. அவள் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேரா கிடைக்காது அவளுக்கு? ஆனால் அன்றைக்கு மனசு முழுக்க ஒரே பேர்தான் இருந்தது. ‘மாணவியின் பெயர்’ என்ற கட்டத்தில் மகளின் பேரை அடித்தாள். தமிழ் தொண்ணூற்றெட்டு, அறிவியல் தொண்ணூற்றொன்பது, கணக்கு நூறு. ரேங்க், ஒன்று. பேருக்குப் பக்கத்தில் ஒரு தங்கப் பதக்கம் முளைத்தது.

ஆசைதான், வேறென்ன! எந்தத் தாய்க்குத்தான் இருக்காது? யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் பார்த்துவிட்டு, மறுநாள் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் வேறு வேலை வந்தது, அதற்கு மறுநாள் அவளே மறந்துபோனாள்.

அது மட்டும் என்றால்கூடத் தப்பித்திருப்பாள். இல்லாத பள்ளியில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நம்பர்தான். முதலாளி பையில் கொண்டுபோகிற டெமோ போனின் நம்பர். வாங்குகிறவர் எதிரில் பட்டனை அழுத்தியதும் மேஜை மேல் இருக்கிற அந்தப் போன் ‘டொய்ங்’ என்று கத்தும், அவர் முகம் மலரும். அந்தச் சத்தத்துக்குத்தான் வியாபாரமே. ஆனால் மகள் பேரை அடித்து, தகப்பன் பேரை அடித்து, அடுத்த கட்டத்துக்கு வந்தபோது அவள் விரல் யாரையும் கேட்கவில்லை. எத்தனை பள்ளிப் படிவம், எத்தனை ஆஸ்பத்திரிச் சீட்டு நிரப்பிய விரல் அது! புருஷன் நம்பரை அதுபாட்டுக்கு அடித்துவிட்டுப் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஒன்பது கிளைப் பள்ளிக்கு டெமோ காட்டப் போயிருந்த முதலாளியின் போன் வந்தது. குரலை அடக்கிக்கொண்டு பேசினார். பக்கத்தில் ஆள் இருக்கிறது போலும்.

“என்னம்மா இது, மானத்தை வாங்குறீங்க? மெசேஜே வரல.”

“டெமோ போன்ல சார்ஜ் இருக்கா சார்?”

“எல்லாம் இருக்கு. எமர்ஜென்சி அழுத்திக் காட்டுங்கன்னு சொன்னாங்க. அழுத்தினேன். சத்தமே இல்ல. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அழுத்தினேன். தாளாளர் என் மூஞ்சியப் பாக்குறார்.”

“எந்தப் பிள்ளைக்கு அழுத்துனீங்க சார்?”

“முதல் வரியில இருக்கே, மெடல் வாங்குன பொண்ணு. அதுக்குத்தான்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “சார், என்ன அழுத்துனீங்க? எமர்ஜென்சில என்ன?”

“மயக்கம்தான்மா.”

அந்த வாசகம் அவளுக்கு மனப்பாடம். அடித்தவளே அவள்தானே. ‘உங்கள் மகள்’ என்று பேரைப் போட்டு, ‘பள்ளியில் மயங்கி விழுந்தார். உடனே வரவும்.’ பள்ளியின் பேர்கூட அதில் இருக்காது. வாசகம் நீண்டால் செலவு கூடும் என்று முதலாளிதான் வெட்டச் சொன்னார். நிஜப் பள்ளியின் மெசேஜ் எந்த நம்பரிலிருந்து வருமோ, அதே நம்பரிலிருந்துதான் இதுவும் வரும். மூன்று தடவை.

முதலாளி இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் புருஷன் கூப்பிட்டிருக்கிறான். விட்டுவிட்டுப் பல தடவை. முதலாளியின் அழைப்பை அப்படியே துண்டித்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் போனது, எடுக்கவில்லை.

எடுக்கவில்லை என்றால் ஓட்டுகிறான் என்று அர்த்தம். காலையில் டிப்போவுக்கு லோடு ஏற்றப் போனவன். இந்நேரம் வயிறு நிறைய பெட்ரோலோடு வெளியே வந்திருப்பான். நிரம்பிய டேங்கரை அவன் எப்படி ஓட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி ஓட்டுவான். ஆனால் மகள் மயங்கிக் கிடக்கிறாள் என்று மூன்று தடவை மணி அடித்த பிறகும் அப்படி ஓட்டுவானா? மகளுக்கு முன்னொரு தடவை காய்ச்சல் முற்றியபோது, சட்டைகூடப் போடாமல் பனியனோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஆள் அவன். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அக்கா, என்னாச்சு? ஏன் இப்படி நிக்கிறீங்க?” என்று டெஸ்டிங் பெண் எழுந்து வந்தாள். ஹெச்.எம். அம்மா திரையைக் காட்டினாள். பேரைப் பார்த்ததும் அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ அக்கா, நீங்களே போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்டி. நான்தான் போட்டுத் தொலைச்சேன்.”

மகளின் பள்ளி ஆபீசுக்குப் போன் போட்டாள். புருஷன் வந்தால் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். ஆனால் கிளார்க் அம்மா எடுத்ததும் வாயில் வந்தது வேறு. “என் பொண்ணு நல்லா இருக்காளா பாத்துச் சொல்லுங்க.”

“ஏன் மேடம், என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. தயவு பண்ணி.”

பொய் என்று அவளுக்குத் தெரியும். அவள் கையால் செய்த பொய். இருந்தாலும் அந்த அம்மா போய்விட்டு வருகிற வரைக்கும், ரிசீவரில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டம் போட்டவள் அல்லவா, மனசுக்குள் என்னென்னமோ ஓடியது.

“நல்லாத்தான் இருக்கா மேடம். டிராயிங் கிளாஸ். கையெல்லாம் பெயிண்ட்.”

உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் பாதி உயிர்தான் வந்தது. மீதிப் பாதி டேங்கரில் போய்க்கொண்டிருந்தது. “அவங்க அப்பா வந்தா, ஒண்ணுமில்லன்னு சொல்லி உக்கார வைங்க. நான் வந்துட்டே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

தன் போனிலிருந்து அவனுக்கு மெசேஜ் அடித்தாள். ‘அவள் நல்லா இருக்கா. மெசேஜ் பொய். மெதுவா வாங்க.’ அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இதை அவன் பார்க்க மாட்டான். ஓட்டும்போது அவன் கண் போகிற ஒரே சத்தம் அந்தப் பள்ளிக்கூட மணி.

“அக்கா, அப்ப அதுலயே அனுப்புங்க! சாப்ட்வேர்லயே!” என்றாள் டெஸ்டிங் பெண்.

அட, ஆமாம்! நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து மெசேஜ் பக்கத்தைத் திறந்தாள். நம் இஷ்டத்துக்கு அடித்து அனுப்ப முடியாது. போன் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகங்கள் மட்டும்தான் போகும். இருவரும் தலையோடு தலை முட்ட, மேலிருந்து கீழே தேடினார்கள். இன்று பள்ளிக்கு வரவில்லை. தாமதமாக வந்தார். காய்ச்சலால் அவதிப்படுகிறார். மயங்கி விழுந்தார். காயம் ஏற்பட்டது. கட்டணம் செலுத்தவில்லை. தேர்ச்சி பெறவில்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. நாளை விடுமுறை.

“நல்லா இருக்கான்னு சொல்ல ஒண்ணுமே இல்லையாக்கா?”

இல்லை. இத்தனை வருஷத்தில் எந்தப் பள்ளியும் அதைக் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தவளும் நினைத்ததில்லை. உங்கள் பிள்ளை நலம் என்று ஒரு தகப்பனுக்குச் சொல்ல அந்தப் பெரிய சாப்ட்வேரில் ஒரு வரி கிடையாது. கடைசியில் ஒன்று கிடந்தது. ‘தேர்வில் முதலிடம் பெற்றுள்ளார். வாழ்த்துகள்.’ யோசிக்க நேரமில்லை. மயக்கம் என்று சொல்லாத எதுவானாலும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்தினாள்.

பிறகு படியில் இறங்கி ஓடினாள். டயர்க் கடைக்காரர், “என்னம்மா, மேல தீயா?” என்று கேட்டது காதில் விழவில்லை.

டாக்ஸி கிடைத்தது. கிடைத்து என்ன பிரயோஜனம்? இரண்டு தெரு தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் வண்டிக்குப் பின் வண்டியாக நின்றது. டாக்ஸிக்காரர் ஜன்னலை இறக்கி, எதிரே வந்த இன்னொரு டாக்ஸிக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“பைபாஸ் திருப்பத்துல ஒரு டேங்கராம்மா. ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குதாம்.”

அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். “நிக்குதா? கவுந்துருச்சா?”

“அதெல்லாம் தெரியலம்மா. நம்மளுக்கு யாரு சொல்றா?”

“நல்லாக் கேளுங்க! நிக்குதா, கவுந்துருச்சா?”

அவள் கத்தின கத்தலில் அந்த ஆள் பேயறைந்த மாதிரி பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினாள். பைபாஸ் பக்கம் ஓடவா, பள்ளிப் பக்கம் ஓடவா என்று நடுத்தெருவில் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. புருஷனைப் பார்க்கப் போனால் என்ன பார்ப்போமோ என்று பயந்து, அவள் கால் பள்ளிப் பக்கம் திரும்பியது. மேலே புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

பள்ளி வாசலில் கிளார்க் அம்மா மகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கையெல்லாம் நீலமும் மஞ்சளும். “அம்மா, என்னம்மா?” என்று அவள் கேட்டு முடிக்குமுன் இழுத்துக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவினாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “எல்லாரும் பாக்குறாங்கம்மா, விடு” என்று மகள் நெளிந்தாள்.

“அப்பா வந்தாரா?”

“இல்லையே. அப்பா எதுக்கு வருவாரு?”

வராண்டாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவள் உட்காரவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனை எடுத்துக் கூப்பிட்டாள். இப்போது மணிகூடப் போகவில்லை. அணைந்து கிடந்தது. ‘என் நூறு மார்க்கே, என் தங்கப் பதக்கமே, நாசமாப் போக’ என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். கால் வலித்தது, செருப்பில் ஒன்றை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்போது கேட்டில் ஒரு பைக் வந்து நின்றது. முன்பின் தெரியாத யாரோ ஒருவன் ஓட்டி வந்தான். பின்னாலிருந்து காக்கிச் சட்டை நனைந்து ஒட்டிப்போய் அவள் புருஷன் இறங்கினான்.

நடந்து வந்தான். ஓடவில்லை. நேராக மகளிடம் போய், இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தான். அப்புறம்தான் பெண்டாட்டியைப் பார்த்தான்.

“வண்டி எங்கங்க?” என்றாள். வேறெதுவும் கேட்க வரவில்லை.

“திருப்பத்துல நிக்குது. கிளீனரை வச்சிட்டு வந்திருக்கேன். போன் வழியிலயே செத்துப்போச்சு.” பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தான். “மூணு தடவை மணி அடிச்சுது. மூணு தடவையும் மயக்கம், மயக்கம், மயக்கம். ஓரங்கட்டி உன்னைக் கூப்பிட்டா நீ எங்கேஜ். அப்புறம் என்னா ஓட்டு ஓட்டினேன் தெரியுமா? லோடு வண்டி. திருப்பத்துல ஒரு பக்கம் சக்கரம் தூக்கின மாதிரி இருந்துச்சு. கிளீனர் அண்ணே அண்ணேன்னு கத்துறான், எனக்குக் காதே கேக்கல. அப்பத்தான் நாலாவது மணி அடிச்சுது.”

அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். மூணு தடவை மயக்கம்னு சொன்னவன் நாலாவது தடவை என்ன சொல்லுவான்? ஓட்ட முடியல. பிரேக்கை அழுத்தி அங்கயே நிறுத்திட்டேன். பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது. போனைத் தொடவே பயமா இருந்துச்சு. கிளீனர்தான் எடுத்துப் படிச்சான்.” அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலிருந்தும் கொட்டியது. “முதலிடமாம், வாழ்த்துகளாம்! நம்ம பொண்ணா? முதலிடமா? அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அடடே, இது நம்ம குட்டியோட ஸ்கூல் இல்ல, இவங்க அம்மாவோட ஸ்கூல்னு புரிஞ்சுபோச்சு!”

கிளார்க் அம்மாவும் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. நீலமும் மஞ்சளுமான கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் முதலாளியின் போன். “ஏம்மா, மெசேஜே போகாத சாப்ட்வேர் எனக்கு எதுக்குன்னு கேட்டுட்டாரும்மா தாளாளர்!”

“போச்சு சார். நல்லாவே போச்சு” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிற்பாடு அவரோடு மல்லுக்கு நின்று, ‘உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறார்’ என்று ஒரு வரியைச் சேர்க்க வைத்தாள். யாரும் கேட்காத வரி எதற்கு என்று அவர் முணுமுணுத்ததும், இவள் வேலையை விட்டுவிடுவேன் என்று நின்றதும் தனிக்கதை.

புருஷன் வண்டியை எடுக்க அதே பைக்கில் திரும்பிப் போனான். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் வரைக்கும் மகள் வாயே திறக்கவில்லை. வாயாடி வாய் திறக்காமல் வந்தால் பெற்றவளுக்குத் தெரியாதா?

“அம்மா, அந்த ஸ்கூல்ல எனக்குக் கணக்குல எவ்வளவு?”

பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். இன்றைக்குச் சொன்னதே போதும் என்று தோன்றியது. “நூறு.”

“ம்.” இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். “எனக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருக்கா? நித்திலாவா?”

நித்திலாவை, நாவலனை, இரட்டைப் பிள்ளைகளை எல்லாம் மகளுக்குத் தெரியும். சோறு உண்ணும்போது அம்மா சொல்கிற கதைகள்தானே. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். எல்லாப் பிள்ளைக்கும் பார்த்துப் பார்த்து ஜோடி போட்டவள், அந்த முதல் ரேங்க் பெண்ணுக்கு மட்டும் யாரையும் போடவில்லை. முதல் பெஞ்சு, முதல் இடம், பதக்கம். பக்கத்து இடம் காலி. அந்தப் பேரை அடித்த அன்றைக்கு அவளுக்கு மார்க்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“யாருமில்லடி” என்றாள். “தனியாத்தான் உக்கார வச்சிருக்கேன்.”

மகள் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இல்லை அவள் முகத்தில்.

“பாவம்மா அவ” என்றாள். “மயங்கி விழுந்தப்பப் பிடிக்கக்கூட ஆளில்ல.”

அவள் தெருவிலேயே, ஆட்கள் போய்வருகிற இடத்திலேயே, ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். இந்தத் தடவை மகள் விடச் சொல்லவில்லை.